கேட்டில் விட்டுச் செல்ல வேண்டியவை

என் இடத்துக்கு வந்த லைட்டர் மாசி மாதத்திலிருந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறது.

பச்சை நிறம். கட்டைவிரல் உயரம். உள்ளே பாதியளவு திரவம் தெரியும். கப்பலில் வந்தது. சாப்பிட எதுவும் கேட்பதில்லை. துணி துவைக்கப் போடுவதில்லை. ஆகவே முதல் சில வாரங்கள் எங்களுக்குச் சிரமமாக இல்லை.

எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். நான் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி முனைக்குத் தீமருந்து முக்குகிறவன். குச்சிகள் அடுக்கிய சட்டத்தை முதலில் மெழுகில் தொட்டெடுக்க வேண்டும். பிறகு மருந்தில் தொட்டெடுக்க வேண்டும். பிறகு காயவைக்க வேண்டும். சட்டத்தோடு சட்டம் உரசக் கூடாது. நான் சேர்ந்த நாளிலிருந்து உரசியதில்லை.

கடைகளுக்கு லைட்டர் வந்தது. தீப்பெட்டி பின்வரிசைக்குப் போனது. மாசி மாதம் ஆபீஸை மூடினார்கள். மறுநாள் காலை அரசு ஜீப் ஒன்று தெருவுக்குள் வந்தது. எங்களில் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒரு லைட்டரை இறக்கிவிட்டுப் போனது. இறக்குமதியான பொருள் ஒருவருடைய இடத்தை எடுத்துக்கொண்டால், விசாரணை முடியும்வரை அவர்தான் அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விதி. பக்கத்து வீட்டுக்குச் சிவப்பு வந்தது. எதிர் வீட்டுக்கு நீலம்.

"நமக்குப் பச்சை. பாக்கக் குளுமையா இருக்குல்லா" என்றாள் என் மனைவி ஆவுடைத்தாய்.

லைட்டர் பேசாது. டிக் என்று ஒரு சத்தம் மட்டும் எழுப்பும். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

டிவிக்கு நேரே இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி என்னுடையது. சித்திரையில் லைட்டர் அதில் உட்கார்ந்தது. வைகாசியில் நான் நின்றுகொண்டு டிவி பார்க்கப் பழகிவிட்டேன். ஆடியில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. எனக்குக் காய்ச்சல். லைட்டர் போய்வந்தது.

"டீச்சர் என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"கணக்குல கொஞ்சம் கவனம் வேணுமாம்."

"யாரு சொன்னா?"

"இவருதான் வந்து சொன்னாரு" என்றாள் ஆவுடைத்தாய். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியைப் பார்த்தேன். லைட்டர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தது.

என் மகள் பெயர் செண்பகம். ஏழாம் வகுப்பு. எனக்கும் அவளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அவள் நிலைப்படியில் குறுக்கே நிற்பாள். கேட் வாட்ச்மேன் மாதிரி ஒரு கையைத் தூக்குவாள். நான் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அவள் மோந்து பார்ப்பாள். நகக்கண்ணில் மருந்து வாசனை இருந்தால் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்பிவிடுவாள். சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டு வர வேண்டும். மறுபடி மோப்பாள். "மருந்து போயிருச்சு. எப்பா, உள்ள வரலாம்" என்பாள். அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான்.

ஆபீஸ் மூடிய பிறகு விளையாட்டு நின்றுபோனது. நான் வேலைக்கென்று வெளியே போகவே இல்லை. உள்ளே வருவதற்கு வழியில்லை.

போன வாரம் செண்பகம் கணக்குப் பாடத்தோடு நாற்காலியருகே போனாள். லைட்டரைப் பார்த்து "எப்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மீதியை விழுங்கிக்கொண்டாள்.

அன்று இரவு விசாரணைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

எங்கள் மாவட்டத்தில் இறக்குமதியால் வேலை இழந்தோர் உதவி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே தகுதி விசாரணை நடக்கும். பொருள் நம் இடத்துக்குத்தான் வந்தது என்று நிரூபித்துவிட்டால் உதவி கிடைக்கும். பொருளையும் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளும். நிரூபிக்காவிட்டால் பொருள் வீட்டிலேயே இருக்கும். ஒரு வீட்டில் ஒருவர் இடத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது. இதற்குத் தனியாக விதி எதுவும் இல்லை. தேவைப்படவில்லை.

விசாரணைக்குப் போகும்போது பொருளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் விசாரணையில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். லைட்டரை அலுவலக வாசல் கேட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். விசாரணை தள்ளிப்போனது.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். தீப்பெட்டி ஆபீஸுக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு தகரத் தட்டு இருக்கும். பீடி, தீப்பெட்டி, ஆணி வைத்த செருப்பு எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து ஆபீஸ் சங்கு ஊதியதும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் கோயிலுக்குப் போனாலும் முதலில் மடியைத் தடவிப் பார்ப்போம். கல்யாண மண்டபத்து வாசலில் ஏதாவது தட்டு இருந்தால் அதில் தீப்பெட்டியை வைத்துவிடுவோம். சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டிகள் கிடந்தால் எங்கள் தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்றைக்கு இரண்டாவது விசாரணை. இதுதான் கடைசி.

"இந்தத் தடவையாவது உள்ள கொண்டுபோங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

"கொண்டுபோவேன்."

"கையிலயே வச்சுக்கிடுங்க. வெயில்ல வைக்காதீக. அவருக்கு ஆகாது."

செண்பகம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் வந்துருவீகளா?" என்று கேட்டாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"வந்துருவேன்" என்றேன்.

டிக் என்றது லைட்டர்.

செண்பகம் சிரித்தாள்.

*

ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே நிழற்குடையாக இருப்பவர் கொம்பையா அண்ணாச்சி. மெழுகு ரூமில் எனக்கு மூத்தவர். அவருக்கு உதவி கிடைத்துவிட்டது. மறுபயிற்சி கொடுத்து இங்கே போட்டுவிட்டார்கள். கால்களை அகட்டி, முதுகை வளைத்து, கைகளை இரண்டு பக்கமும் ஊன்றி நிற்கிறார். முதுகின் மேல் தகரம் அடித்திருக்கிறது. அடியில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

"வாப்பா சீனிப்பாண்டி. உள்ள வந்து நில்லு. வெயிலு கொல்லுது" என்றார்.

"எப்படி இருக்கீக அண்ணாச்சி?"

"குறையில்ல. நிரந்தர வேலை. யாரும் கேட்டுல சோதிக்கிறதில்ல."

"முதுகு வலிக்குதா?"

"மழைக்குத்தான் கொஞ்சம் ஒழுகுது. ஆளுக திட்டுறாங்க. திட்டட்டும். திட்டுறவன் நனையாமத்தான திட்டுறான்."

அவர் மனைவி தூக்குவாளியோடு அடியில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி வாயில் இட்லியை ஊட்டிவிட்டு, மீதியைத் தானே சாப்பிட்டார்.

"மதினி, அண்ணாச்சி வீட்டுக்கு வாராகளா?" என்று கேட்டேன்.

"எங்கன வர? அவுகளத் தூக்கிட்டா பஸ்ஸு நிக்காதே" என்றார் மதினி. "நாந்தான் பொழுதுக்கும் இங்கன வந்து உக்காந்திருக்கேன். கேட்டா பஸ்ஸுக்கு நிக்கேன்னு சொல்லிக்கிடுவேன்."

"பயிற்சி எப்படி அண்ணாச்சி?"

"சுலுவுதான். முதல்ல நிக்கச் சொல்வாங்க. பெறவு எதுவும் சொல்ல மாட்டாங்க."

பஸ் வந்தது. நான் ஏறினேன். கண்டக்டர் லைட்டருக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

*

உதவி அலுவலகம் மஞ்சள் கட்டடம். கேட்டில் வாட்ச்மேன் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு தகரத் தட்டு. அதில் அவருடைய டீ கிளாஸ் இருந்தது.

நான் லைட்டரை வலது கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வராந்தா போன தடவையைவிட நீண்டிருந்தது. வளர்ந்த பகுதியில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. கடைசியில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் தாடி வைத்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் மடியில் ஒரு கறுப்புக் குடை படுத்திருந்தது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்குது" என்றார்.

அவர் பெயர் மஜீத் பாய். குடைக் கம்பெனியில் கம்பி கோத்தவர்.

"ரொம்ப நேரமா இருக்கீங்களா பாய்?"

"இது வரும்போது மடக்குக் குடை. இப்பப் பாருங்க, நீளக் குடை. வளந்துடுச்சு."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். தகுதி அலுவலர் ஒரு பெண்மணி. கண்ணாடி போட்டிருந்தார். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது தாழ்வான நாற்காலி. மேசையின் விளிம்பு என் நெற்றிக்கு வந்தது.

"பொருள் எங்கே?" என்று கேட்டார் மேடம்.

நான் வலது கையைத் திறந்தேன். கையில் ஒன்றும் இல்லை. கேட்டில் தட்டு இருந்தது நினைவுக்கு வந்தது. காலைப் பார்த்தேன். செருப்பும் இல்லை.

"கேட்டுல இருக்கு மேடம்."

"ஏன் அங்கே வச்சீங்க?"

"உள்ள கொண்டுவரக் கூடாதுல்லா."

"யார் சொன்னது?"

யோசித்தேன். யாரும் சொல்லவில்லை.

"போய் எடுத்துட்டு வாங்க. அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவோம்" என்றார் மேடம்.

நான் ஓடினேன். வராந்தாவில் புதிய கதவுகள் முளைத்திருந்தன. ஒரு கதவுக்குள் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் ஆடு கத்தியது. கேட்டுக்கு வந்தபோது நிழல்கள் மறுபக்கம் சாய்ந்திருந்தன. தட்டில் லைட்டர் டீ கிளாஸில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேன் அதோடு பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கமான மனுஷன் சார் இவரு" என்றார் வாட்ச்மேன். "உங்களப் பத்தி ஒரு குறை சொல்லல."

லைட்டரை எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்து, மேலே பெல்ட்டைப் போட்டு இறுக்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். திரும்பினேன். கேட்டுக்குள் ஒரு காலை வைத்தேன். அப்போது என் கை தானாகக் கீழே போனது. பெல்ட்டைத் தளர்த்தியது. முடிச்சை அவிழ்த்தது. லைட்டரை எடுத்துத் தட்டில் வைத்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டன.

"என்ன சார்?" என்றார் வாட்ச்மேன்.

"தட்டைக் கொஞ்சம் உள்ள எடுத்து வைங்க."

"டீ கிளாஸ எங்க வைக்க?"



மூன்று தடவை முயன்றேன். கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தேன். பின்பக்கமாக நடந்து நுழைந்தேன். ஒவ்வொரு தடவையும் லைட்டர் தட்டில் இருந்தது. வாட்ச்மேன் வேறு டீ வாங்கிவந்திருந்தார். லைட்டருக்கும் ஒன்று.

அப்போது மஜீத் பாய் வராந்தாவில் நடந்து வந்தார். குடை தோளில் சாய்ந்து தூங்கியது.

"ஒரு உதவி பாய். இத உள்ள கொண்டாங்க. என்னால முடியல."

"கையில பிள்ளை இருக்கே?"

"குடைய நான் வச்சுக்கிடுதேன்."

"கழுத்தை நிமித்திப் பிடிங்க. குலுக்காதீங்க. முழிச்சா விரிஞ்சுக்கும்."

குடையை நான் வாங்கிக்கொண்டேன். லைட்டரை அவர் வாங்கிக்கொண்டார். இப்படித்தான் நாங்கள் உள்ளே போனோம். குடையைத் தட்டில் வைக்கச் சொல்லி என் கை கேட்கவில்லை. குடையால் நெருப்புப் பற்றாது.

*

அலுவலர் அறையில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. மஜீத் பாய் லைட்டரை மேசையில் வைத்துவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். நாற்காலி இன்னும் தாழ்ந்திருந்தது. நான் எக்கிப் பார்த்தேன். மேசையின் மேல் லைட்டருக்கு அடியில் ஒரு சிறிய மெத்தை போட்டிருந்தார்கள்.

"இவர் உங்க இடத்துக்கு வந்தவர்னு சொல்றீங்க" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"அப்போ இவர் செய்யற வேலையும் நீங்க செஞ்ச வேலையும் ஒண்ணா இருக்கணும். சரிதானே?"

"சரிதான்."

"இவரைப் பத்தவைங்க."

"இங்கயா மேடம்?"

"இங்கதான்."

"கட்டடத்துக்குள்ளயா?"

"ஆமா."

லைட்டரைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலைச் சக்கரத்தின் மேல் வைத்தேன். வீட்டில் ஆவுடைத்தாய் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிறாள். கடைக்காரர்கள் பேசிக்கொண்டே செய்கிறார்கள். விரல் அசையவில்லை. அலுவலகம். சுவர். கூரை. மேசை. ஆட்கள். இத்தனைக்கும் நடுவில் பற்றவைக்கச் சொன்னால் என் விரலுக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

"கை வர மாட்டேங்குது மேடம்."

"ஏன்?"

"பழக்கமில்ல."

"இவ்வளவு வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்திருக்கீங்க. நெருப்பு பழக்கமில்லையா?"

"அங்க யாரும் பத்தவைக்க மாட்டோம் மேடம். பத்திராம பாத்துக்கிடுறதுதான் எங்க வேலை."

மேடம் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் அப்படிக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. விளக்கமாகச் சொன்னேன். மருந்து கெட்டியாகிவிடக் கூடாது. தரையில் சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். சட்டத்தைச் சட்டத்தின் மேல் இழுக்கக் கூடாது. வாளியில் மணல் எப்போதும் இருக்க வேண்டும். நான் இருந்த காலம் முழுக்க மருந்து ரூமில் ஒரு பொறி பறந்ததில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மேடம் லைட்டர் பக்கம் திரும்பினார். "உங்க வேலை என்ன?"

டிக்.

சுடர் எழுந்து நின்றது. நேராக, அசையாமல், நல்ல நீலத்தில் தொடங்கி மஞ்சளில் முடிந்தது. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அது உட்கார்ந்துகொண்டது.

"இவர் வேலை பத்தவைக்கிறது. உங்க வேலை பத்தாம பாத்துக்கிறது. ரெண்டும் நேர் எதிர். இவர் எப்படி உங்க இடத்துக்கு வந்திருக்க முடியும்?" என்று கேட்டார் மேடம்.

"ஆபீஸை மூடிட்டாகளே மேடம்."

"மூடின பிறகு அங்கே ஏதாவது பத்துச்சா?"

"இல்ல."

"அப்போ உங்க வேலை நடந்துட்டுத்தான் இருக்கு. நீங்க வேலை இழக்கலை."

"சம்பளம் வரலையே."

"அதைக் கம்பெனிக்கிட்டத்தான் கேக்கணும்."

"கம்பெனி இல்லையே மேடம்."

"இல்லாதது எப்படி உங்களை நீக்கும்?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மாட்டு மணிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை மேடம் காத்திருந்தார்.

"சரிங்க மேடம். உதவி வேண்டாம். இத மட்டும் எடுத்துக்கிடுங்க."

"எதுக்கு?"

"எங்க வீட்டுல இருக்கு."

"அவர் உங்க இடத்துக்கு வரலைன்னு இப்போ தீர்மானம் ஆயிடுச்சு. அப்போ அவர் உங்க வீட்டுக்கு வந்திருக்கார். அது குடும்ப விஷயம். அதுல நாங்க தலையிடறதில்லை."

"எம் மக..." என்றேன்.

"என்ன?"

"எம் மக இத எப்பான்னு கூப்பிட்டுருவா. பாதி கூப்பிட்டுட்டா."

மேடத்தின் முகம் இளகியது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கலாம்.

"சின்னப் பிள்ளைங்க நெருப்பைக் கண்டா கிட்டத்தான் போவாங்க. நீங்கதான் பாத்துக்கணும். உங்க வேலையே அதுதானே?" என்றார்.

அஞ்சு மணி அடித்தது. கதவைச் சாத்தினார்கள். நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்பது கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு வெளிப்பக்கம் என்று தெரிந்தது.

*

பெஞ்சில் மஜீத் பாய் இல்லை. குடை மட்டும் உட்கார்ந்திருந்தது. முழித்து, விரிந்திருந்தது.

லைட்டரை ஜீப்பில் அனுப்பிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். தீர்மானமான பொருளை நடக்கவைக்கக் கூடாதாம்.

"உங்களயும் ஏத்திக்கிடச் சொல்லிக் கேட்டேன் சார். எடமில்லன்னுட்டாங்க."

"வண்டியில யாரு இருந்தா?"

"டிரைவரு, அவரு. அவ்வளவுதான்."

செருப்பை மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் வந்து விலக்கு ரோட்டில் இறங்கினேன். ரோட்டோரம் ஒரு லாரி நின்றது. அதன் மேல் பளபளப்பான எஃகு நிழற்குடை ஒன்று பிளாஸ்டிக் தாள் சுற்றிப் படுத்திருந்தது. தாளில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. கொம்பையா அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்ப முடியாமல் நின்றிருந்தார்.

"பின்னால என்னமோ வண்டி நிக்கிற மாதிரி இருக்கே. என்னப்பா அது?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி."

"போன காரியம்?"

"எனக்கு வேலை இருக்காம்."

"நல்லதாப் போச்சு" என்றார். மனமாரச் சொன்னார். மதினி தூக்குவாளியைத் திறந்து எனக்கு ஒரு வடை கொடுத்தார். அவர் லாரியைப் பார்த்துவிட்டிருந்தார். அண்ணாச்சியின் காலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

தெருவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கேட் சங்கிலி போட்டுக் கிடந்தது. நின்று பார்த்தேன். எதுவும் பற்றியிருக்கவில்லை. ஆகவே நடந்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. ஸ்டூலின் மேல் ஒரு தகரத் தட்டு.

செண்பகம் நிலைப்படியில் குறுக்கே நின்றாள். யூனிஃபார்மை மாற்றவில்லை. ஒரு கையைத் தூக்கினாள்.

எனக்கு மூச்சு வந்தது. விளையாட்டு நின்றுபோய் எத்தனையோ மாதம். இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவள் குனிந்து மோந்தாள். வலது கை. இடது கை. நகக்கண்கள்.

"மருந்து இருக்கு" என்றாள்.

"இருக்காதேம்மா. மாசியில இருந்து நான் மருந்து தொடலையே."

"இருக்கு."

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். கல்லில் தேய்த்தேன். திரும்பி வந்து நீட்டினேன். அவள் மோந்தாள். தலையை ஆட்டினாள். மறுபடி போனேன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோகும்வரை கழுவினேன். மறுபடி வந்தேன். இந்தத் தடவை அவள் என் கையை விட்டுவிட்டுச் சட்டையை மோந்தாள். கழுத்தை மோந்தாள். எட்டி, தலைமுடியை மோந்தாள்.

"எல்லா இடத்துலயும் இருக்கு" என்றாள். அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "உள்ள அடுப்பு எரியுது. மருந்தோட வரப்படாது. நீங்கதான சொல்லிக்குடுத்தீக?"

"நாந்தான் சொன்னேன்."

உள்ளே பார்த்தேன். ஆவுடைத்தாய் தோசைக்கல்லை வைத்திருந்தாள். டிவி ஓடியது. என் நாற்காலியின் முதுகு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரல் உயரம்தானே.

"யாரு வந்திருக்கா?" என்று ஆவுடைத்தாய் கேட்டாள்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றாள். அவளை அதிக நேரம் அப்படி நிற்கவைக்க எனக்கு மனமில்லை. மருந்தோடு அடுப்பு எரியும் வீட்டுக்குள் நான் போனதே இல்லை. இன்றைக்குப் போவதும் சரியில்லை.

செருப்பைக் கழற்றினேன். ஓரமாக விட்டேன். மடியைத் தடவிப் பார்த்தேன். வடை இருந்தது. அவளிடம் கொடுத்தேன். பிறகு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தட்டில் ஏறினேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். நினைத்ததைவிட அதிக இடம் இருந்தது. தகரம் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது.

"ஆடாம இருங்க. தட்டு சரிஞ்சிரும்" என்றாள் செண்பகம்.

"சரிம்மா."

"சங்கு ஊதுனதும் வந்து எடுத்துக்கிடுதேன்."

"சரி."

அவள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது கதவைப் பாதி சாத்தினாள். முழுவதும் சாத்தவில்லை. நல்ல பிள்ளை.

ஆபீஸ் மூடிய வாரமே சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

உள்ளே, "எப்பா, கணக்கு" என்று செண்பகம் சொன்னது கேட்டது.

டிக் என்றது.

நான் தட்டில் அசையாமல் இருந்தேன். இந்தப் பக்கம் எதுவும் பற்றவில்லை.